குளம் மேலே, வயல் கீழே

2010ஆம் ஆண்டின் குளிர்காலம். பாரிஸ் லா சப்பலில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போர் முடிந்து வன்னியிலிருந்து வந்த விவசாயி அண்ணை ஒருவர் என் அறையில் தங்கியிருந்தார். சொன்ன ஊரில்தான் வாழ்ந்தாரா என்ற சந்தேகத்தில் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுக்காக ஊரைப் படமாகக் கீறித் தரச் சொன்னார் வழக்கறிஞர்.

அண்ணை ஆசை ஆசையாகக் கீறினார். குளம், தண்ணீரைத் தேக்கும் அதன் கட்டு, கட்டடியில் பிள்ளையார் கோயில், வாய்க்கால், வயல். வழக்கறிஞர் கணினியில் தேடினால், அந்தப் பெயரில் ஊரும் இல்லை, அப்படி ஒரு குளமும் இல்லை.

"அண்ணை, உங்கடை ஊர் சந்திரனிலையோ?" என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஊரே இல்லையெண்டினம். திருப்பி அனுப்பினால் எங்கை தம்பி போறது?"

சுருக்கென்றது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் சொத்து. வேலைக்குப் போகும் வழியில் பழைய வரைபடங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அண்ணையை அவர் கீறிய தாளோடு இழுத்துக்கொண்டு உள்ளே போய், அரைகுறைப் பிரெஞ்சில் கடைக்கார அம்மாவிடம் முழுக் கதையையும் கொட்டினேன்.

அவர் மேசை இலாச்சி இலாச்சியாக இழுத்துத் தேடி, வெள்ளைக்காரன் காலத்து வன்னி வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். குட்டிக் குட்டிக் குளங்கள் எல்லாம் நீல நிறத்தில். ஊர்ப் பெயரும் இருந்தது! ஆனால் அண்ணை தாளின் உச்சியில் கீறிய குளம் அதிலே அடியில் கிடந்தது.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"உதென்ன கேள்வி? குளம் மேலை, வயல் கீழை. தண்ணி ஏறியே ஓடும்?"

அம்மா சிரித்துக்கொண்டே வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அவ்வளவுதான். கட்டு, கோயில், வாய்க்கால் எல்லாம் அதனதன் இடத்தில். வன்னியில் அந்தப் பக்கத்து ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வரைபடக்காரன் வடக்கை மேலே வைத்தான், அண்ணை தண்ணீரை மேலே வைத்தார்.

"எங்கடை வயல் வரம்பு இதிலைதான்," என்று விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

விசாரணை முடியும்வரை வைத்திருங்கள் என்று அம்மா அதைச் சுருட்டிக் கையில் தந்தார். வசந்தத்தில் மேல்முறையீடு வென்று அண்ணைக்கு அகதி விசா கிடைத்தது. வரைபடத்தையும் சுடச்சுட வடையையும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இப்போதும் யாராவது சொல்வது எனக்குப் பொருந்தாமல் பட்டால், பகிடி விடுவதற்கு முதல், அவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்கிறேன்.