ஹாஜாவின் சொட்டுக் குழாய்

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லைப்புறக் குழாயடியில் குந்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஹாஜா நஜ்முதீன். குழாய்க்குக் கீழே ஒரு பழைய அலுமினியத் தாம்பாளம். அதில் ஒரு சொட்டு விழுகிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. திருகை ஒரு மயிரிழை நகர்த்துகிறார், மறுபடி கேட்கிறார். வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் என்னிடம், "இப்பத்தான் தலைவரே கரெக்டா விழுது. நேத்து கொஞ்சம் வேகமாப் போச்சு" என்கிறார். பிறகு உள்ளே போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் பைனாகுலரைத் தூக்கிக்கொள்கிறார். ஏப்ரல் மாதத்துச் சனி ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுக்காரனான எனக்குக் கிடைக்கும் தரிசனம் இது.

டெக்சாஸில் எங்கள் பேர்லேண்டில் புல் கூட அனுமதி வாங்கித்தான் வளரும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழாய் வருஷக்கணக்காகக் கசிவதே அதிசயம். அதைவிட அதிசயம் ஹாஜாவின் உத்தியோகம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் எந்த வால்வு கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதற்காக அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மூச்சுக்காற்று அளவு கசிந்தாலும் ஆலையை நிறுத்து என்று மல்லுக்கு நிற்பாராம். அவரே வீட்டுக் குழாயின் தேய்ந்த வாஷரை மட்டும் யாரையும் தொட விடமாட்டார்.

அந்தக் குழாயடிக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவரில்லை, துரத்தப்பட்டு வந்தவர். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மாடி பாத்ரூமின் வாஷ்பேசினில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக் கழுவுவது வழக்கம். ஆள் கொஞ்சம் கனம். பேசின் ஒரு நாள் சுவரை விட்டுப் பிரிந்தது, தண்ணீர் இறங்கிச் சாப்பாட்டு அறையின் சீலிங்கில் தேசப்படம் வரைந்தது. "உங்க காலை இனிமே வெளியில போய்க் கழுவுங்க. அடுத்து என் தலையிலதான் சீலிங் விழும்" என்று அவர் மனைவி முனவ்வரா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐந்து வேளையும் கொல்லைக் குழாய் திறந்து மூடித் திறந்து மூடி வாஷர் போயிற்று.

அப்படி ஒரு ஏப்ரல் காலையில், மழை விட்டிருந்த நேரம், ஹாஜா ஈரக் காலோடு குந்தியிருக்கையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குருவி வந்து தாம்பாளத்தில் இறங்கியது. கட்டைவிரல் உயரம். தொண்டையிலிருந்து வயிறு வரை நல்ல மஞ்சள், கழுத்தைச் சுற்றிக் கறுப்பு மணி கோத்தது போல் ஒரு மாலை. அவரைச் சட்டையே செய்யாமல் தலையை முக்கி முக்கிக் குளித்ததாம். "என் கால்ல தண்ணி, அது தலையில தண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒளு செஞ்சோம் தலைவரே" என்பார். நிக்காஹ் அன்று முனவ்வராவின் கழுத்தில் ஏறிய கருகமணி போலவே இருந்ததால் அதற்குக் கருகமணி என்றே பெயர் வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த விருந்தாளிக்காகத் தாம்பாளத்தின் பக்கத்தில் மீந்த பிரியாணியை வைத்தார். அவருக்குத் தெரிந்த உபசாரம் அது. கிராக்கிள் என்ற காக்கை மாதிரிக் கறுப்புப் பறவைகள் கூட்டமாக வந்து, இறைச்சியைத் தின்று, சோற்றை வாரி இறைத்து, கத்தித் தீர்த்துவிட்டுப் போயின. ராத்திரி ரக்கூன் என்ற காட்டுப் பிராணி ஒன்று வந்து மிச்சத்தைக் காலி செய்தது. அப்புறம்தான் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, இந்தச் சின்னப் பறவைகள் புழுப்பூச்சி தின்னும் ஜாதி, இவற்றை அழைத்து வருவது சொட்டுத் தண்ணீரின் சத்தம் என்று தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து குழாய் ரிப்பேர் பேச்சே அந்த வீட்டில் ஹராம்.

வார்ப்ளர் என்கிறார்கள். தமிழில் கதிர்க்குருவி என்று சொல்லிவிடலாம். ஆனால் நம்மூர்க் கதிர்க்குருவி பாவம், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைக்காரர். இவர்கள் கல்யாணத்துக்கு உடுத்தி வந்தவர்கள். வசந்தத்தில் மெக்ஸிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டி வடக்கே போகிறார்கள். எதிர்காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் மட்டும் கரை ஏறியதும் தொப்பென்று கிடைத்த மரத்தில் இறங்கிவிடுவார்கள். அதனால் ஊரே வடக்குக் காற்றைத் திட்டும்போது ஹாஜா மட்டும் டி.வி.யில் வானிலை பார்த்துக் கை தட்டுவார்.

புத்தகத்துப் பெயர்கள் அவர் வாயில் நிற்பதில்லை. தொண்டை செக்கச்செவேலென்று எரியும் ஒன்றுக்கு, ஆலைப் புகைக்கூண்டின் உச்சியில் எரியும் நெருப்பை வைத்து 'ஃப்ளேர்' என்று பெயர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது 'ஜெயில் கைதி'. மஞ்சள் முகத்தைச் சுற்றிக் கறுப்பு முக்காடு போட்டது 'மக்கனா'. அது ஆண் பறவை என்று தெரிந்ததும் முனவ்வரா, "மக்கனா போட்டது ஆம்பளையா? நல்லது. ஆகஸ்ட் மாசம் வரைக்கும் கழட்டாம இருக்கச் சொல்லுங்க, டெக்சாஸ் வெயில் தெரியும்" என்றார்.

பறவைப் பைத்தியங்கள் எல்லாம் கடற்கரைச் சோலைகளுக்குப் படையெடுப்பார்கள். ஹாஜா போகமாட்டார். முதல் வருஷம் தெருமுனை ஓக் மரத்தடியில் நின்று பைனாகுலரைத் தூக்கியிருக்கிறார். அன்றைக்கே ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்து நின்றது. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம். ஆனால் கை இடுப்பை விட்டு வரவில்லையாம். ஹாஜா மரத்தைக் காட்ட, பறவை அந்த நேரம் பார்த்துப் பறந்துபோயிருந்தது. "தாடி, பைனாகுலர், ஹாஜா நஜ்முதீன்னு ஒரு பேரு. மூணும் சேர்ந்து வெளிய சுத்தக் கூடாது தலைவரே. நமக்கு பேக்யார்டுதான் சேஃப்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. வேலிக்குள் இருக்கும் அந்த நாலு முழ இடம்தான் அவர் தலையைத் தூக்கித் தைரியமாகப் பறவை பார்க்கக்கூடிய அமெரிக்கா.

பைனாகுலரை யாருக்கும் தரமாட்டார். கேட்டால், கழுத்து வாரைக் கழற்றாமல் அப்படியே குனிந்து நம் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். நாம் அவர் கன்னத்தோடு கன்னம் வைத்து, தாடி குத்தக் குத்தப் பார்க்கவேண்டும். நான் ஒரு தடவை பார்த்தேன். தெரிந்ததெல்லாம் தாடிதான்.

முனவ்வரா நல்ல மனுஷி. ஆனால் குரல் பெரிசு. அவர் சமையலறையில் ஃபோன் பேசினால் என் வீட்டு வரவேற்பறையில் பதில் சொல்லலாம். ஹாஜா சைகை காட்டும் போதெல்லாம் "எங்கேங்க? எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறப்பார். கருகமணி இருந்த இடத்தில் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வருகிற பறவை அது. ஒரு ஏப்ரலில்கூட அவர் கண்ணில் பட்டதில்லை. "அண்ணே, அப்படி ஒரு குருவியே கிடையாது. குழாயை ரிப்பேர் பண்ணச் சோம்பேறித்தனம். அதுக்கு என் கருகமணியைச் சாட்சிக்கு இழுக்கறாரு" என்பார் என்னிடம். ஹாஜாவுக்கு அது மட்டும் சுருக்கென்று தைக்கும். ஒரே ஒரு தடவை மனைவிக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் மனுஷனின் தவம்.

போன செப்டம்பரில் ஐக் புயல் வந்து அவர் கொல்லையில் இருந்த ஒரே ஓக் மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வேலிக்குப் பணம் கொடுத்தார்கள். மரத்துக்கு யார் கொடுப்பது? இந்த ஏப்ரல் பிறந்ததும் ஹாஜா மொட்டைக் கொல்லையைப் பார்த்து நின்றார். "மரம்தான் அதுங்களுக்கு அட்ரஸ். இப்ப மரம் இல்ல. சொட்டுற சத்தம் ஒண்ணுதான் மிச்சம். இந்த வருஷம் வந்தா இனிமேலும் வரும். இல்லேன்னா அவ்வளவுதான் தலைவரே."

அந்த நேரம் பார்த்துத்தான் சான்டா கிளாராவிலிருந்து முனவ்வராவின் தம்பி ஆதில் வந்து சேர்ந்தான். சிப் கம்பெனியில் வேலை. கலிஃபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம், பல் தேய்க்கும்போதுகூடக் குழாயை மூடு என்று பாடம் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைக்குச் சொட்டுச் சத்தம் கேட்டாலே தூக்கம் வராது. வந்த முதல் ராத்திரியே, "லாத்தா, என்ன இது, டொக்கு டொக்குன்னு? எவ்வளவு வேஸ்ட்!" என்று அக்காவைக் கேட்டிருக்கிறான். அக்காவும், "உன் மச்சான்கிட்ட நான் சொல்லி அலுத்துட்டேன்" என்றிருக்கிறார். அது போதாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஜா வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியதும் ஆதில் அவர் கண்ணைப் பொத்திக் கொல்லைக்கு நடத்திப்போனான். பளபளவென்று ஒரு புதுக் குழாய். தலையில் பொத்தான் வைத்தது.

"மச்சான், நம்ம மசூதில இருக்கற மாடல். அமுக்கினா வரும், விட்டா நிக்கும். இனிமே ஒரு சொட்டு லீக் ஆகாது. ஹோல் டே இதுக்கே போச்சு. எப்படி?"

உலகத்திலேயே கசிய முடியாத குழாய் அது. ஹாஜா அதை ஒரு தடவை அமுக்கினார். வந்தது. விட்டார். நின்றது. "மாஷா அல்லாஹ். ரொம்ப அழகா இருக்கு மாப்ளே" என்றார். ஆலையில் சிலிண்டர் வெடித்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

கழற்றிவிட்டுப் பழையதை மாட்டவேண்டியதுதானே என்று வேலியோரம் கேட்டேன். என்னை ஒரு விவரம் கெட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தார். "மச்சினன் கையால போட்டதை, அவன் வீட்டுல இருக்கும்போதே கழட்டறதா? அந்த ஸ்பேனர் சத்தம் நாகப்பட்டினத்துல மாமனார் வீடு வரைக்கும் கேக்கும் தலைவரே. அவன் திங்கக்கிழமை ஃப்ளைட் ஏறட்டும்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். சனி ராத்திரி மழை, ஞாயிறு விடிந்தால் வடக்குக் காற்று என்று டி.வி. சொல்லியிருந்தது.

ஞாயிறு காலை வேலிக்கு மேலாகப் பார்த்தால், ஹாஜா குழாயடியில் குந்தி, பொத்தானைக் கட்டைவிரலால் லேசாக அமுக்குகிறார், விடுகிறார். அமுக்குகிறார், விடுகிறார். "என்ன பாய், குழாய் வேலையை நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கத்து வீட்டுக் கூரை விளிம்பைக் கண்ணால் காட்டினார். செந்தணல் போல் ஒன்று அங்கே தத்தியது. ஃப்ளேர்தான். வேலிக்கு வந்தது. லுங்கி கட்டிய ஆகிருதியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"தண்ணிக்குத்தான் தேடி வருது. நான் உக்காந்திருந்தா கிட்ட வராது. எழுந்து போனா சொட்டாது" என்றார். கட்டைவிரல் சிவந்து கன்றியிருந்தது. எனக்குக் கிண்டல் செய்ததற்காக வெட்கமாக இருந்தது.

முனவ்வரா சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்திருக்கவேண்டும். கண்ணாடிக் கதவு திறந்தது. அன்றைக்கு அது சத்தமே போடவில்லை. அவர் கையில் பச்சைப் பூவாளி.

பூவாளி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நம்மவர் வீட்டு பாத்ரூம்களில் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நீளமூக்குப் பூவாளி ஒன்று இருக்கும். வெறும் காகிதத்தை நம்பி வாழ நம்மால் முடியாது. வெள்ளைக்கார விருந்தாளிகள் வெளியே வந்து, "உங்கள் செடி எங்கே?" என்று விசாரிப்பார்கள். இது முனவ்வரா வீட்டு விருந்தாளி பாத்ரூமின் பூவாளி.

அதன் அடியில், முக்காட்டில் குத்தும் ஊசியை அடுப்பில் காய்ச்சிப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. முனவ்வரா தளும்பத் தளும்பத் தண்ணீரோடு வந்து, பூந்தொட்டி தொங்கவிடும் இரும்புக் கொக்கியில் அதை மாட்டி, தாம்பாளத்தைக் காலால் அதன் கீழே தள்ளினார். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். "அவன் போட்ட குழாயை யாரும் கழட்டலை. அவன் தூங்கறான். எழுந்து உள்ள வாங்க" என்றார், அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்காத ஒரு குரலில். எனக்கும் கை காட்டினார். மூன்று பேரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தோம்.

முதலில் ஜெயில் கைதி வந்தார். பிறகு ஃப்ளேர். மக்கனாக்காரர் வந்து கைதியை விரட்டினார். தாம்பாளத்தில் தண்ணீர் தெறித்தது. ஆரஞ்சும் மஞ்சளும் கறுப்புமாகச் சின்னச் சின்ன உடம்புகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குளித்தன. கடல் தாண்டி வந்த களைப்பு கொஞ்சமாவது தெரியவேண்டுமே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பறவை பார்ப்பதெல்லாம் வேலையற்றவர் வேலை என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அப்போது பூவாளியின் மூக்கில் வந்து உட்கார்ந்தது அது. மஞ்சள் மார்பு. கழுத்தில் கறுப்பு மாலை. முனவ்வரா "எங்கேங்க" என்று கேட்கவில்லை. அவர் கை மட்டும் எழுந்து தன் கழுத்தைத் தொட்டது.

"லாத்தா!" விருந்தாளி பாத்ரூமிலிருந்து ஆதிலின் குரல் வீட்டை அதிரவைத்தது. "இங்க இருந்த பூவாளியைக் காணோம்! மச்சான்! யாராச்சும் இருக்கீங்களா?"

பறவை தலையைத் தூக்கியது. முனவ்வரா பதறிப்போய் எழப்பார்த்தார். ஹாஜா அவர் துப்பட்டா நுனியைப் பிடித்து உட்காரவைத்தார். பாத்ரூம் இருந்த திசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கழுத்து வாரைத் தலைவழியாகக் கழற்றி, பைனாகுலரை மனைவியின் கையில் வைத்தார்.