பாதிக் கட்டில்

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நேரம் உட்பட எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். ஊர் திரும்பியதும் அண்ணனிடம் நீட்டி, பத்து நாளும் ஒண்டியாகச் சமாளித்தேன், படித்துக்கொள் என்று சொல்வதற்காக எழுதிய நோட்டு அது. அதில் இதெல்லாம் வரும் என்று கண்டேனா?

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணமாகவில்லை. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, வெளிநாடு பார்க்கக் கிளம்பினேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டை அண்ணன் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பத்திரமாக இருக்கட்டுமாம்! அண்ணிதான் சத்தமில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் வழியனுப்ப அண்ணனும் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா?

"நாலாம் நாள் அழுதுக்கிட்டே போன் பண்ணுவ. பணம் அனுப்புறேன், வந்து சேரு. அதுக்கப்புறம் வெளிநாடுங்கிற பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது."

அதாவது, போன் பண்ணினால் நான் தோற்றேன். பாஸ்போர்ட் மறுபடி பீரோவுக்குள் போய்விடும். அதன் பிறகு சாகும்வரை ஜெராக்ஸ் மெஷினும் நானும்தான்.

கையில் இருந்த காசுக்கு முழு அறை கிடைக்கவில்லை. பாதிக் கட்டில்தான் கிடைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கட்டில். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை எனக்கு. பகல் முழுக்க இன்னொரு பெண்ணுக்கு. அவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கிறாள், அவளும் தமிழ்ப் பெண்தான், பகலில் வந்து தூங்குவாள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவர் கீழே இஸ்திரிக் கடை நடத்துகிறார். ஆளுக்கொரு சாவி கொடுத்துவிட்டு, ஒருத்தர் நேரத்தில் மற்றவர் மேலே போகக் கூடாது என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். எனக்கென்ன? பகலெல்லாம் நான் ஊர் சுற்றத்தானே வந்திருக்கிறேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் பகல்காரி என்று பெயர் வைத்தேன்.

முதல் நாள் இரவு 8.10க்கு அறைக்குள் போனேன். ஒரு மேஜை, கால் ஆடும் நாற்காலி, சுவரோரம் கட்டில். படுத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? போனைக் கையில் எடுத்தேன். பிறகு தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாய்விட்டே சொன்னேன்.

"மாட்டேன். போன் பண்ண மாட்டேன்."

தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் சுற்றிவிட்டு வர இரவு 9.30 ஆயிற்று. போர்வைக்குள் கை வைத்தால் சூடாக இருந்தது. பகல்காரி இப்போதுதான் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் ஆறரைக்கே வேலைக்குப் போய்விடுவாள் என்பது காலையில்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் வேண்டுமென்றே தாமதமாக, 10.40க்கு வந்தேன். அப்போதும் சூடு. சுவர்ப் பக்கம் மட்டும். தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம் இருந்தது. தட்டிச் சரி செய்துவிட்டு அதே இடத்தில் படுத்தேன். காசு கொடுத்த இடமாயிற்றே.

ஆறாம் நாள்தான் மாட்டிக்கொண்டேன்.

காலையிலிருந்தே மழை. மதியம் குளிர்க் காய்ச்சல் தூக்கி அடித்தது. பல் கிட்டிக்கொண்டது. உட்கார்ந்திருந்த பஸ் நிலையத்தில் கண் இருட்டியது. அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தால் இஸ்திரிக் கடை பூட்டியிருந்தது. கண்டிஷனாவது மண்ணாவது என்று படியேறினேன். அறைக் கதவைத் திறந்தபோது மணி 2.10. பழக்க தோஷத்தில் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

திரை மூடியிருந்தது. கட்டிலில் பகல்காரி படுத்திருந்தாள். சுவரைப் பார்த்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு. பின்னல் மட்டும் வெளியே கிடந்தது. நுனியில் மஞ்சள் ரப்பர் பேண்ட். என் கடையில் பேப்பர் கட்டுகிற ரப்பர் பேண்ட் மாதிரியே. நானும் அதைத்தான் பின்னலில் போடுவேன். பாவம், இவளும் நம்மைப்போலச் சிக்கனக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்தவள், அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறாள். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஆடினேன். 2.25 வரைதான் முடிந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா. எனக்குக் காய்ச்சல்."

கட்டில் கிறீச்சென்றது...

நகர்ந்து இடம் விட்டாள். திரும்பவில்லை.

முதுகோடு முதுகாகப் படுத்தேன். நல்ல சூடு. நடுக்கம் மெல்லக் குறைந்தது.

அப்போதுதான் உறைத்தது. என் முதுகில் பட்ட முதுகு ஏறி இறங்கவே இல்லை.

மூச்சு இல்லை.

நான் இருமினேன். ஒரு நொடி கழித்து... அதுவும் இருமியது.

அதே இருமல்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அறையில் மழைச் சத்தம் மட்டும்.

மணி 2.50.

போனை எடுத்தேன். திரையில் அண்ணன் பெயர். விரல் அதற்கு மேலே நின்றது. ஒரு தொடு. பணம் வரும். வேறு அறைக்குப் போகலாம், வீட்டுக்கே போகலாம். பீரோ மூடிக்கொள்ளும்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஆறு வருஷம்! அதை ஒரு முதுகுக்காக விடுவதா?

"நீ யாரா வேணா இரு. பாதிக் கட்டில் என்னோடது. நான் எழுந்திருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஏதோ முணுமுணுப்பு...

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கண் விழித்தபோது இரவு 7.00. காய்ச்சல் விட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சுவர்ப் பக்கம் சூடாக இருந்தது. கதவில் தாழ்ப்பாள்... நான் போட்டபடியே இருந்தது.

மீதி நான்கு இரவும் அதே கட்டிலில்தான் படுத்தேன். எங்கே போவேன்? ஏன் போக வேண்டும்? ஒவ்வொரு இரவும் விளக்கை அணைப்பதற்கு முன்னால் "தள்ளிப் படு" என்று சொல்வேன். கட்டில் கிறீச்சிடும். பயமில்லை என்று சொன்னால் பொய். விடியும்வரை கைகால் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனாலும் இடத்தை விடவில்லை.

கடைசி நாள் காலை 7.20க்குப் பெட்டியோடு படியிறங்கினேன். வழக்கமாக ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கிளம்பிவிடுவேன், அன்று பெட்டி மூடாமல் தகராறு செய்ததில் தாமதம். எதிரே ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு சின்னப் பெண் ஏறி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். என் பின்னலைப் பார்த்தாள்.

"நீங்கதானா அக்கா? இன்னைக்காவது எழுந்தீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவள் கோபப்படவில்லை, அலுப்போடுதான் பேசினாள். நான் வந்த மறுநாளிலிருந்து அவள் அந்தக் கட்டிலில் ஒரு பகல்கூடப் படுக்கவில்லையாம். எப்போது வந்து பார்த்தாலும் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேனாம். உடம்பு முடியாதவள்போல, பத்து நாள்தானே என்று வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளுக்கு நடுவே தூங்கியிருக்கிறாள்.

"எழுப்பிப் பாத்தியாம்மா?"

"தினமும் எழுப்பினேன்க்கா. திரும்பிப் பாக்காமலே ஒரே பதில்தான் சொல்லுவீங்க. மாட்டேன், போன் பண்ண மாட்டேன்னு. நான் எங்க உங்களைப் போன் பண்ணச் சொன்னேன்?"

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மேலே போனாள். சாவி திரும்பும் சத்தம். கதவு திறந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

"அக்கா." மேலிருந்து கூப்பிட்டாள். "நீங்க... கீழதானே நிக்கிறீங்க?"

ஓடியிருக்கலாம். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் பத்து நாள் தூக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்த பெண் வாசலில் தனியாக நிற்கிறாள். பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

போர்வை. மஞ்சள் ரப்பர் பேண்ட்.

அந்தப் பெண்ணை என் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

"எழுந்திரு. நம்ம பத்து நாள் முடிஞ்சிடுச்சு. இது இவ இடம். வா, போகலாம்."

கட்டில் கிறீச்சென்றது.

போர்வை தட்டையாகப் படிந்தது. மணி 7.34.

நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன். ஆறு மாதமாகிறது. அந்தப் பெண் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். நிம்மதியாகத் தூங்குகிறாளாம், கட்டிலில் யாரும் இல்லையாம்.

அண்ணன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஒரு தடவைகூடப் போன் பண்ணவில்லையே என்று முகம் சுண்டிப்போயிருந்தது. நான் நோட்டை எடுப்பதற்குள் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டைக் குடு. பீரோவுல வெச்சிடுறேன்."

பன்னிரண்டு மணி நேரப் பயணம். எனக்குத் தொண்டை வறண்டு, நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை.

"மாட்டேன்."

தெளிவாக, உரக்க. அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பாஸ்போர்ட் பேச்சை எடுப்பதில்லை. அது என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அடுத்த பயணத்துக்குச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அதைச் சொன்னது நான் என்றுதான் அண்ணன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் வாயே திறக்கவில்லை.