ஊரிகத்தில் வெட்டிய ஊமத்தம்பூ

2000ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்கு பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ரயில் ஏறினேன். சட்டைப்பையில் வடிவம் பதிந்த ஒரு கம்ப்யூட்டர் ஃபிளாப்பி, மடியில் காகிதத்தில் செய்த ஊமத்தம்பூ. கண்ணாடி விளக்கு வடிவமைப்பது என் தொழில். ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நாற்பது விளக்குகள் கேட்டிருந்தார்கள். "அழகா இருக்கு, ஆனா என்னவோ சரியில்ல" என்று இரண்டு மாதிரிகளைத் திருப்பிவிட்டார்கள். மடியிலிருந்த இந்த மூன்றாவதும் தேறாவிட்டால் வேறு ஆளாம்.

பங்காரப்பேட்டையில் கிளைப் பாதையில் திரும்பி, பத்தரைக்குத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் வந்தது. பட்டறைக்கு ஆட்டோ பதினைந்து ரூபாய்.

"ரெண்டு கிலோமீட்டர்தானேப்பா?"

"மேடு சார். வண்டி மூச்சு வாங்கும்ல, குந்துங்க."

பட்டறைக்காரர் கஸ்தூரிக்கு என் வயதுதான், நாற்பது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் செதுக்கும் மெஷின் வைத்திருக்கிறார். அவர் வெட்டித் தரும் அச்சுக்குள்தான் பெங்களூரில் கண்ணாடியை ஊதுவார்கள். காகிதப் பூவுக்குள் ஒரு பல்பை மாட்டி, மேசைக்கு மேலே கவிழ்த்துத் தொங்கவிட்டார். சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்த அவர் கணவர் பெருமாள், டீயோடு எனக்கெதிரே உட்கார்ந்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார், மூஞ்சிலயே அடிக்குது? சுரங்கத்துல கீழ லெவல்ல ஒருத்தன்கிட்ட பேசணும்னா தலைய இப்படி திருப்பிக்கினுதான் பேசுவோம். தொப்பி லைட்டு அவன் கண்ணுல அடிச்சா சண்டைதான்."

எனக்குச் சுருக்கென்றது. "இயற்கையே அப்படித்தாங்க! முப்பது பக்கம் போட்டோ எடுத்து, இதழ் இதழா கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கேன்!"

கஸ்தூரி சிரித்துவிட்டார். "பூவு மேலதான சார் பாக்குது? நீங்க கவுத்துப்போட்டுட்டு அது மேல பழி போடறீங்க. அதுக்குள்ள பல்பு வேற எரியுதா இன்னா?"

அவர் காகித இதழ்களின் நுனியில் ஓர் அங்குலப் பட்டை ஒட்டினார். பல்பு மறைந்து, வெளிச்சம் மேசைமேல் விழுந்தது.

"இப்ப பேசலாம்" என்றார் பெருமாள், என் கண்ணைப் பார்த்து.

கம்ப்யூட்டர் திரையிலும் அதேபோல் இதழைக் கீழே நீட்டினோம். மெஷின் நான்கு மணிவரை செதுக்கியது. நடுவில் அவர்கள் வீட்டில் களியும் கீரைக் குழம்பும்; வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். திரும்பும்போது அதே ஆட்டோ, அதே பதினைந்து. "இப்ப இறக்கம்தானே?" என்றேன். "பிரேக் தேயும் சார்" என்றார். கனமான அச்சை மடியில் வைத்துக்கொண்டு, மனம் லேசாக ஊர் வந்து சேர்ந்தேன்.

ஹோட்டலில் ஒரே பார்வையில் சம்மதித்தார்கள். ஊதியதில் மிஞ்சிய ஒன்றை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே, நான் முதன்முதலில் செய்த விளக்கைக் கழற்றிவிட்டு மாட்டினேன். அந்தப் பழைய விளக்கின் கீழே பதினொரு வருஷமாக மேசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தே சாப்பிட்டவள் என் மனைவி. அது அவள் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.