பச்சை மூங்கில் இரண்டு

ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளின் தொடக்கம். வனக்காவலர் வேலை, ஊர்க்காரர்களுக்கு நான் ‘கார்டு சார்’. டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், வெளியே வந்தால் மறுபடி தொடங்கும். வாடகைக்கு வீடு தரவும் ஆளில்லை. ஆபீசுக்குப் பின்னால், பிடிபட்ட மரக்கட்டைகளும் சைக்கிள்களும் கிடந்த கொட்டகையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டேன். மழைக்காலம், சட்டை காயவே காயாது. சேலத்தில் அண்ணன் வீட்டில் கைக்குழந்தையோடு ஒண்டியிருந்த என் மனைவி, ‘வீடு கிடைத்ததா’ என்று வாரம் தவறாமல் எழுதுவாள். கடைசியாக, ‘இனி இங்கே இருக்க முடியாது’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

டீக்கடை பாய்தான் இரக்கப்பட்டார். “ஏனுங்க கார்டு சார், தலைச்சோலையில ஒருத்தரு ஊடு சும்மா பூட்டிக் கெடக்குதுங்க. நான் சொல்லி உடறேன்.”

அந்த வீட்டுக்காரர் காபியும் கேழ்வரகும் போடுகிற மலை விவசாயி. அதிகம் பேசவில்லை. “ஓடு மாத்தோணுங்க. மாத்திப்போட்டு சாவி தர்றேன்” என்றார். அன்றைக்கே மனைவிக்கு எழுதிப்போட்டேன்.

அதே வாரம் ஒரு நாள் காலையில், ரிசர்வ் காட்டு எல்லையில் இரண்டு பேர் அப்போதுதான் வெட்டிய நீள மூங்கில் இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நிறுத்தினேன்.

“சாவுக்குங்க சார். பாடைக்குப் பச்சை மூங்கிலு வேணுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பு வேலை பார்த்த காட்டில், மூங்கிலோடு பிடிபட்ட எவனும் வேறு காரணம் சொன்னதில்லை. ஒரே தாத்தாவை ஒரே வருஷத்தில் மூன்று தடவை சாகடித்தவனும் அங்கே உண்டு. போதாக்குறைக்கு, கெடுபிடியாக இருந்தால்தான் புது ஊர் மதிக்கும் என்ற நினைப்பு வேறு.

“இது எத்தனையாவது சாவு?” என்று கேட்டேன்.

மூத்தவர் மூங்கிலை இறக்கி, அதன்மேல் கொடுவாளையும் வைத்தார். “சரிங்க சார், நொம்ப நல்லதுங்க” என்றார். இருவரும் இறங்கிப் போனார்கள். பொய் சொல்கிறவன் கெஞ்சுவான், கூத்தாடுவான். அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மூங்கிலை ஆபீசில் சேர்த்துவிட்டு, மத்தியானம் தலைச்சோலைப் பாதையில் ரோந்து போனேன். எதிரே சாவு வந்தது. மிளகு பறிக்கிற ஏணியில் ஒரு வயதான அம்மாவைக் கிடத்திக் கட்டித் தூக்கி வந்தார்கள். ஏணி குறுகல். ஒரு கை நழுவி நழுவி வெளியே தொங்க, கூடவே நடந்த மகன் அதை எடுத்து எடுத்து உள்ளே வைத்தபடி வந்தார். எனக்கு வீடு தருகிறேன் என்றவர்தான் அந்த மகன்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். அங்கேயே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். போட்டிருந்த காக்கி தடுத்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் பயந்தாங்கொள்ளித்தனம், வேறொன்றுமில்லை.

வீடு போயிற்று என்றே இருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் அவரே ஆபீசுக்கு வந்து சாவியை நீட்டினார்.

“தர்றேன்னு சொல்லிட்டனுங்க. சொன்னது சொன்னதுதான்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “ஓடெல்லாம் மாத்தியாச்சுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனைவி வந்தாள். வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உறைமோர் கேட்டுப் போனால் கொடுப்பார்கள். உட்காரச் சொல்ல மாட்டார்கள். குழந்தையை ஒருத்தரும் வாங்கிக் கொஞ்சவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

“நாம என்னங்க தப்புப் பண்ணுனோம்? ஒருத்தரும் ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேங்கறாங்களே?”

“மலைக்காரங்க அப்படித்தான்” என்றேன்.

அங்கிருந்த இரண்டு வருஷமும் அவள் அதை நம்பிக்கொண்டு, அந்த ஜனங்களைக் குறை சொல்லிக்கொண்டே அவர் தந்த வீட்டில் குடியிருந்தாள்.