சோளக்காட்டில் ஜீப்புக்கு அடியில் ஒரு காலை

பத்து மாதத்துக்கு முன்பு என் கணவர் குமரேசனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாக எழவில்லை. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியை நானே நிரப்பிவிடுவேன். "த..." என்றால் தண்ணீர், "ஃபே..." என்றால் ஃபேன். ஒருநாள் சாப்பிடும்போது "கொல்லி... மலை" என்றார். டாக்டரும் போகலாம் என்றதால், மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வண்டி அவரே பழுதுபார்த்து ஓட்டிவந்த ஜீப், முப்பது வயதை நெருங்குகிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓட்டியது நான்.

சேலத்தில் புறப்பட்டது காலை 6.10-க்கு. ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக அடிவாரக் காரவள்ளி வரை எங்கள் மீட்டர் 56 கி.மீ. காட்டியது. ராசிபுரம் தாண்டி வேகம் ஐம்பதைத் தொட்டபோது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், ஸ்டீயரிங் என் இரண்டு கையையும் சேர்த்து உதறியது. முப்பதுக்குக் குறைத்த பிறகே அடங்கியது. அதற்கு முந்தைய வாரம்தான் வீல் அலைன்மென்ட் பார்த்திருந்தோம். பார்த்த மெக்கானிக் "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்றிருந்தார். நானும் அதை நம்பி ஓட்டினேன்.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். 7.45-க்கு ஏறத் தொடங்கினோம். இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் காலுக்கடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் சும்மா திருப்பிய பிறகே சக்கரம் திரும்பியது. அவர் வெளியே பார்க்கவே இல்லை, தலையைக் குனிந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். 9.20-க்குச் சோளக்காட்டுச் சந்தை வந்ததும் இடது கையால் டேஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "நிறுத்து."

இன்னும் சற்றுத் தள்ளிச் செம்மேட்டில் அறை பதிவு செய்திருந்தோம். மெதுவாகப் போய்விடலாம் என்றேன். "வேண்டாம்" என்றார். இடைவெளியே இல்லாமல் வந்த சொல் அது.

நாங்கள் நிறுத்தியது ஒரு மிளகுக் கடைக்கு முன்னால். கடைக்காரர் பழனியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். "ஏனுங்க, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?" என்று எழுந்து வந்தார். குமரேசன் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கம்போல நான் குறுக்கே புகுந்தேன்: "டயர்ல ஏதோ..." அவர் தலையை ஆட்டி மறுத்தார். பழனியம்மா என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, "நீங்க மெதுவாச் சொல்லுங்க சாமி. அவசரம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

குமரேசன் சொன்னார். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வைக்க வேண்டும். ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவரால் படுக்க முடியாது. எனவே ஓட்டுநர் இருக்கையில் பழனியம்மா. "லைசென்ஸ் கேப்பாங்களாங்க?" என்று சிரித்துக்கொண்டே ஆட்டினார். நான் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன்.

"கண்ணால... பாக்காத. கைய... வை" என்று மேலிருந்து குரல் வந்தது. சக்கரத்தோரம், அதைத் திருப்பும் தண்டான டை ராடின் முனையில் கை வைத்தேன். தண்டும் மூட்டும் ஒன்றாகவே நகர்ந்தன, இடையில் ஆட்டம் இல்லை. "அடுத்து..." என்றார். அடுத்து என்ன? எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொற்கள் என்னிடம் இல்லை, முடித்துவைக்க முடியவில்லை. கிரீஸ் வாடையில் மல்லாந்தபடி காத்திருந்தேன். "ஸ்பிரிங்... புஷ்." ஸ்பிரிங் முனையிலிருந்த அந்த ரப்பர் வளையம் இடப்பக்கம் தேய்ந்திருந்தது, ஆனால் சத்தம் அங்கிருந்து வரவில்லை. மறுபடியும் காத்திருப்பு. "ஸ்டீயரிங்... பெட்டி. சேஸிஸ்ல... சேர்ற இடம்."

கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பெட்டியே அசைந்தது. அதைச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் மூன்று போல்ட்டில் ஒன்றைக் காணோம், மற்ற இரண்டும் விரலுக்கே சுழன்றன.

"என்னங்க, பெட்டியே ஆடுதுங்க!"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு, "விரி... விரிசல்... பாரு." அழுக்கைத் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இல்லை. வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. பத்து மாதத்தில் அவர் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதில்லை என்பதுதான் சரி.

பழனியம்மாவின் கணவர் ராசு லோடு வண்டி ஓட்டுபவர். செம்மேட்டிலிருந்து உறுதியான மூன்று போல்ட்டும் வாஷரும் வாங்கி வந்தார் (210 ரூபாய்). பழைய போல்ட்டைக் கையில் உருட்டியபடி, "இதோட எறங்கியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், புதிய போல்ட்டோடு அடியில் நுழைந்துவிட்டார். மூன்றையும் மாட்டி இறுக்கி முடிக்க மணி 1.15. மறுபடி ஆட்டிப் பார்த்தோம், பெட்டி அசையவில்லை.

பழைய ஜீப்பில் மலைக்கு வருகிறவர்களுக்கு: ஸ்டீயரிங் உதறினால் அலைன்மென்ட்டோடு விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன சோதனைக்கு இரண்டு பேரும் இருபது நிமிடமும் போதும். பெட்டி ஆடினாலோ விரிசல் தெரிந்தாலோ ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள். சரிசெய்த பிறகும் ஐம்பது கி.மீ. ஓட்டி, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நாங்கள் செம்மேட்டில் ஓர் இரவு தங்கினோம் (அறை 1,100 ரூபாய்), ஊர் திரும்பியதும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றிவிட்டோம்.

தங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கினோம். பாதி வளைவுகள் தாண்டியிருக்கும், அவர் என் பக்கம் திரும்பி, "நீ..." என்றார். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். பள்ளத்தில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. என் மனசுக்குள் என்னென்னவோ ஓடியது, எதையும் சொல்லாமல் காத்திருந்தேன்.

"நீ... மூணாவது கியர்ல... எறங்குற. ரெண்டு... போடு."

போட்டேன். நீங்களும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.