அப்பா கொடுத்த ஃபவுல்

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போன வருஷத்தில்தான் நான் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் சேர்ந்தேன். பந்து விளையாடப் பிடிக்கும் என்று டீச்சரிடம் சொன்னது பொய். பந்தைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆனால் பந்து இருக்கிற இடத்தில் அப்பா இருப்பார்.

அப்பாவுக்கு மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. ஆறு நாளும் ஆணி நிறுத்து, பைப் அளந்து கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கறுப்புக் காற்சட்டையும் மஞ்சள் சட்டையுமாக நடுவராகிவிடுவார். பரீட்சை எழுதிப் பாஸாகி வாங்கிய தகுதி அது. காலையிலேயே சோறும் பருப்பும் சமைத்து மூடி வைத்துவிட்டு, என்னைப் பக்கத்து வீட்டு அத்தையின் பார்வையில் விட்டுப் போவார். அத்தையின் பார்வை பெரும்பாலும் டிவி மேல் இருக்கும். பகல் ஆறிய சோற்றைத் தனியாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து உக்குவளை ஸ்டேஷனுக்குள் வரும் ரயில்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில்தான் வீடியோ கோலில் வருவார். ஞாயிறு யாருக்கும் சொந்தமில்லாத நாள்.

அப்பாவுக்கும் சிநேகிதர்கள் கிடையாது. ஜெயித்தவர்கள் நடுவரை மறந்துவிடுவார்கள், தோற்றவர்கள் மறப்பதில்லை. ஆகவே உக்குவளையிலிருந்து அலுவிகாரை வரைக்கும் அப்பாவை ஞாபகம் வைத்திருந்தவர்கள் எல்லாருமே தோற்றவர்கள். தேத்தண்ணிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசைப் பேச்சு கொஞ்சம் குறையும். அவர் அதைக் கவனிக்காதவர் போலப் பிளேன் டீயைக் குடித்து முடித்துக் கிளம்புவார். வீட்டில் ஃபோனில் மேட்ச் பார்க்கும்போதும் பந்தைப் பார்க்கமாட்டார். நடுவர் எங்கே நிற்கிறார் என்றுதான் பார்ப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் பெண்பிள்ளைகள் அணிக்கு யட்டவத்தயில் ஒரு போட்டி வந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. அது சனிக்கிழமை. அப்பா முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கினார். எனக்காக, நான் ஆடுவதைப் பார்ப்பதற்காக மட்டும். அம்மா அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு மீன் பணிஸ் ரொட்டியும் வாங்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் பாதையோரப் பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பஸ்ஸிலும் போனதில்லை.

மைதானத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள், நடுவரைத் தவிர. அரை மணி நேரம் பார்த்தார்கள், ஃபோன் போட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. எங்கள் டீச்சர் மெதுவாக அப்பாவிடம் வந்தார்.

"நீங்களே ஊதிடுங்க அண்ணே."

"என் புள்ள ஆடுது டீச்சர். சரிவராது."

எதிரணிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், அவர்களுடைய சேர், சிங்களத்தில் குறுக்கிட்டு, இவரை எத்தனையோ வருஷமாகத் தெரியும், எங்களுக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை, குனிந்து சப்பாத்துக் கயிற்றை முடிந்தேன். நிமிர்ந்தபோது அவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, டீச்சர் கொடுத்த விசிலோடும் அட்டைகளோடும் வெறுங்காலில் நடுக்கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பணிஸ் பை மரத்தடியில் கிடந்தது.

ஆட்டம் தொடங்கியது. நான் பின்வரிசையில் தடுப்பாட்டக்காரி. என்னோடு பின்னால் ஆடியவள் எங்கள் வகுப்பிலேயே உயரமான பிள்ளை. நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அணியில் என்னோடு சிரித்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். பந்தைத் தட்டிவிட்டதும் நான் என்னையறியாமல் மரத்தடியைப் பார்ப்பேன். அங்கே யாரும் இல்லை. அப்பா பத்தடி தூரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கண் என் மேல் பட்டு, நிற்காமல் அடுத்தவளுக்குப் போய்விடும்.

முடிய ஐந்து நிமிஷமோ என்னவோ இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்கள் பக்கத்து இரட்டைச் சடைப் பிள்ளை ஒருத்தி, காற்றுப் போல ஓடுகிறவள், நீளமாக வந்த பந்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டினாள். நெட்டை உள்பக்கமாகக் கோலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். இரண்டு எட்டில் குறுக்கே நின்றிருப்பாள். நான் அதை யோசிக்கவில்லை. காலை நீட்டினேன். இரட்டைச் சடையின் குதிகாலில் பட்டது. பெனல்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அவள் முகம் குப்புற விழுந்தாள்.

விசில் கேட்டது.

"அவளாத்தான் விழுந்தா" என்று எங்கள் பிள்ளைகள் கத்தினார்கள். நான் கத்தவில்லை. பட்டது எனக்குத் தெரியும். ஃபவுல், அவர்களுக்கு ஃப்ரீ கிக், நேரே கோலுக்கு அடிக்கலாம். நடுவர் வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது? அது நியாயம் என்று மனம் ஒத்துக்கொண்டது. ஆனால் அப்பா என்னை நோக்கி வந்தார். பையிலிருந்து கடை பில் ஒன்றையும் பேனாவையும் எடுத்தார்.

"நம்பர் என்ன?"

வெளியே அனுப்பப்படுகிறவரின் இலக்கத்தை நடுவர் எழுதிக்கொள்ள வேண்டும், அது முறை. ஆனால் அந்த ஏழாம் இலக்கத்தை என் சட்டையின் முதுகில் தைத்ததே அவர்தான். வீட்டில் தைக்க வேறு யாரும் இல்லை என்று ஊசியைப் பல தடவை விரலில் ஏற்றிக்கொண்டு தைத்தார்.

"ஏழு" என்றேன்.

எழுதினார். சிவப்பு அட்டையை உயர்த்தினார். நான் வெளியே நடந்தேன். கோட்டைத் தாண்டிய பிறகும் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. மரத்தடிக்குப் போகவும் பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அப்பா தடுப்பு வரிசைக்குத் தூரத்தை எட்டு வைத்து அளக்கும் சத்தம் கேட்பது போலிருந்தது. இரட்டைச் சடை எழும்பி வந்து அவளே அடித்தாள். பந்து எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலால் உள்ளே போயிற்று.

அதோடு முடிந்தது. எங்கள் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு கல்லைச் சுற்றிப் போவது போல. நெட்டை மட்டும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். எதிரணி சேர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு நேர்மையைப் பார்த்ததில்லை என்று புகழ்ந்து, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தியின் தாய் அவர் காதில் விழும்படி சொன்னார்:

"சொந்தப் புள்ளைய வெளிய போட்டு நல்ல பேரு வாங்கிக்கிட்டாரு."

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் சீட் காலியாக இருந்தது. நான் முன்னால் போய்த் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா அந்தச் சீட்டில் உட்காராமல் மாத்தளை வரைக்கும் பின்னால் நின்றுகொண்டே வந்தார்.

அன்று சாயந்தரம் அவர் பருப்பைச் சூடாக்கி, முட்டை பொரித்து, என் தட்டில் போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சோற்றில் கையை வைத்தவர் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"அந்த நெட்டைப் புள்ள, உனக்குப் பின்னால வந்துகிட்டு இருந்துச்சா?"

வந்தாள். நன்றாகத் தெரியும். ஆனால் விசாரணை இன்னும் முடியவில்லை, அடுத்து அவளையும் ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குப் பட்டது. என் தோளைத் தொட்ட ஒரே பிள்ளை.

"தெரியாது" என்றேன்.

"பாக்கலயா?"

"இல்ல."

"சரி, சாப்புடு" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்வது கேட்டது. ஆனால் அந்த முழங்காலோடுதான் கூரையில் ஏறி மழைநீர்ப் பீலியைச் சுத்தம் செய்தார். பகலில் சுடச்சுடச் சமைத்தார். டிவியில் நான் பார்க்கும் கார்ட்டூனை ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெள்ளிக்கிழமை அம்மாவிடம், அப்பா இப்போது எங்கேயும் போவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவிடம் ஃபோனைக் கொடு என்றார். அப்பா அதை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அவர் விசில் ஊதவே இல்லை.

இப்போது நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். விளையாட்டுப் பொறுப்பை எடுக்க ஆள் இல்லாததால் அது என் தலையில் விழுந்தது. போன வருஷம் நடுவர்களுக்கான ஒருநாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே பலகையில் புள்ளிகள் போட்டு விளக்கினார்கள். கோலடிக்கும் வாய்ப்பைத் தடுத்த ஃபவுல் என்றால் வெளியே அனுப்பலாம். ஆனால் குறுக்கே வந்து தடுக்க இன்னொரு ஆட்டக்காரர் இருந்தால் அது அந்தக் கணக்கில் வராது. ஃப்ரீ கிக், மிஞ்சினால் மஞ்சள் அட்டை. நான் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பலகையில் நெட்டை எங்கே நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

அன்றே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, யட்டவத்தயில அன்னைக்கு நெட்டை என் பின்னாலதான் வந்துகிட்டு இருந்தா. நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார்.

"தெரியும் புள்ள. கார்ட எடுக்கும்போதே பாத்துட்டேன். எல்லாரும் என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க. கை மேல போயிருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். குவைத்திலிருந்து திரும்பி வந்துவிட்ட அம்மா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அந்தச் சாயந்தரம், முட்டைப் பொரியலுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நெட்டையிலிருந்து தொடங்கியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. சிநேகிதியைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில், அவர் சாப்பிடாமல் எழுந்து போன பிறகும் நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டேன்.