கேட்டதாகச் சொன்ன விசில்

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸ் துறைமுகத்தில் டக் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கப்பலை முட்டித் தள்ளியும், சுவரில் மோதாமல் தடுத்தும் கரையோடு சேர்க்கிற சின்னப் படகுதான் டக். கப்பல் மேலே நின்று அதற்கு வழிகாட்டும் பைலட் விசில் ஊதினால் அது உத்தரவு. காதில் விழுந்தது என்பதற்கு நான் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தள்ள வேண்டும். எனக்கோ கை சும்மா இருக்காது. விசில் வந்தாலும் வராவிட்டாலும் அடிப்பேன் என்று துறைமுகமே கேலி செய்யும்.

அன்றும் அடித்தேன், தள்ளினேன். கப்பல் திரும்பிய வேகத்தில் டக் அதற்கும் கரைச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் அப்பளமாக நொறுங்கியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கப்பல்காரர்கள் வக்கீல் வைத்துவிட்டார்கள். பைலட் உத்தரவில் தள்ளியிருந்தால் நஷ்டம் கப்பலைச் சேரும். நானாகத் தள்ளியிருந்தால் துறைமுகத்தின் தலையில் விழும், என் வேலை காலி. பைலட்டோ ஊதிய ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பீர்க்கன்கரணை வீட்டில் சோறு இறங்கவில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருக்கும்.

"நிஜமா விசில் கேட்டுச்சா, இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னு அங்க போய்ச் சொல்லி வைக்காதீங்க."

அவள் மேல் எரிந்து விழுந்தேன். எனக்கே தெரியாததை இவள் ஏன் கேட்கிறாள் என்றிருந்தது.

விசாரணையில், "கேட்டது சார்" என்றேன். அடுத்து, என் டக்கில் கயிறு பிடிக்கும் லஸ்கரைக் கூப்பிட்டார்கள். அவனும் கேட்டது என்றான். நஷ்டம் கப்பலுக்குத்தான் என்று முடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனுக்கே கேட்டிருக்கிறது, அப்புறம் எனக்கென்ன சந்தேகம்?

மறுபடி டக்கில் ஏறிய அன்று, ஒரு கப்பல் மெல்லக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. "நல்லவேளைடா, உனக்காவது விசில் கேட்டுச்சே" என்றேன்.

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "இன்ஜின் சத்தத்துல எனக்கு இன்னாண்ணா கேக்கும்? நீ கேட்டுச்சுன்ன, நானும் கேட்டுச்சுன்னேன்" என்றான்.

மேலேயிருந்து விசில் வந்தது. வந்தது போல இருந்தது. ஹாரன் மேலிருந்த கை அசையவில்லை.

"விசில் கேட்டுச்சா?" என்று அவனைக் கேட்டேன்.

"நீ சொல்லுண்ணா" என்றான். கப்பல் சுவரை நோக்கி வந்துகொண்டே இருந்தது.